அரூப ஓவியத்துக்கு நல்ல நகல்

அரூப ஓவியத்தின் நகல் சரியாக வந்திருக்கிறதா என்று சரிபார்க்க, மற்ற ஓவியங்களில் இருக்கும் வசதி எதுவும் கிடையாது. ரவிவர்மாவின் தமயந்திக்கு முகம் கொஞ்சம் பச்சை பாய்ந்தால் யார் கண்ணிலும் பட்டுவிடும். மனிதத் தோலின் நிறம் எல்லோருக்கும் தெரியும். ஓவியர் எஸ்.எச். ராஸாவின் பிந்து ஓவியம் ஒன்றில் காவிப் பட்டை ஆரஞ்சாக மாறியிருந்தால், அப்படித்தான் வரைந்திருப்பார் போலும் என்று வாங்கியவர் நினைத்துக்கொள்வார். விற்றவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். நகல் அச்சில் பல பத்தாண்டுகளாக இருப்பவர்கள் சொல்வது ஒன்றுண்டு: வாடிக்கையாளர் புகார் மிகக் குறைவாக வருவது அரூப ஓவியத்துக்குத்தான், பிழை மிக அதிகமாக இருப்பதும் அதில்தான்.

அரூப ஓவியத்தில் நிறம்தான் விஷயம். நிறம் பிசகினால் எஞ்சுவது ஓவியத்தின் வரைபடம் மட்டும். இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸ். நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக்காட்டுகின்றன என்பது பற்றிய அவருடைய நூலை 1963-ல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டபோது, அதன் 150 வண்ணத் தாள்களில் மிகுதியும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறமாக அச்சிடப்பட்டவை. நான்கு மைகளின் புள்ளிகளைக் கலந்து எல்லா நிறத்தையும் உண்டாக்கும் ஆஃப்செட் முறை அந்த வேலைக்குப் போதவில்லை. அந்த முதல் பதிப்பு இன்று சேகரிப்பாளர்களின் பொருளாகிவிட்டது. பின்னாளில் மலிவாக வந்த சிறு பதிப்புகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நகல் என்றால் என்ன என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரூப ஓவியம் வீடுகளுக்குள் வந்தது ஆஃப்செட் போஸ்டராகத்தான். அருங்காட்சியகக் கடைகளில் விற்ற ரோத்கோவும் மோந்திரியனும் அப்படிப்பட்டவையே. பூச்சுக் காகிதத்தில் நான்கு மை. அடியில் கண்காட்சியின் பெயரும் தேதியும். விலை குறைவு, ஆயுளும் குறைவு. ஆஃப்செட் மைகளில் மஞ்சளும் மெஜந்தாவும் வெளிச்சத்தில் முதலில் போகும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். பழைய சலூன்களில் தொங்கும் சுவிட்சர்லாந்து மலைக்காட்சி முழுக்க நீலம் பாய்ந்து நிற்பது இதனால்தான். மலைக்காட்சி நீலமானால் பழசாகிவிட்டது என்று தெரிகிறது. ரோத்கோ நீலமானால் அது இன்னொரு ரோத்கோ ஆகிவிடுகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இதைக் காட்ட நல்ல உதாரணம் கே.எம். ஆதிமூலம். இலக்கியப் பத்திரிகைகளின் வழியே அறிமுகமான அவருடைய கோட்டோவியங்கள், மட்டமான நியூஸ்பிரிண்டிலும் உயிரோடு இருந்தன. கோட்டுக்குத் தேவை கறுப்பு மையும் ஓரளவு சுத்தமான அச்சு பிளாக்கும்தான். அதே கை தீட்டிய அரூப எண்ணெய் வண்ணங்கள் பத்திரிகை அட்டைக்கு வந்தபோதெல்லாம் பழுப்பும் சாம்பலுமாகக் குழம்பின. அச்சகத்தின் மீது குற்றம் சொல்வதில் பயனில்லை. வண்ணத்தை ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்து, கீழ்ப்பரப்பு மேற்பரப்பின் வழியே தெரியும்படி விட்ட இடங்களை நான்கு மைப்புள்ளிகளால் திருப்பிச் சொல்ல முடியாது.

நிலைமை மாறத் தொடங்கியது 1991 வாக்கில். இசைக்கலைஞர் கிரஹாம் நாஷ், கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் தொடங்கிய அச்சுக்கூடத்தில் ஐரிஸ் என்ற மைத்தெளிப்பு இயந்திரத்தைக் கலை அச்சுக்குப் பயன்படுத்தினார். அந்த இயந்திரம் கலைக்காகச் செய்யப்பட்டதல்ல. விளம்பர நிறுவனங்கள் ஆஃப்செட்டுக்கு அனுப்புமுன் ப்ரூஃப் பார்க்க வாங்கியது. உருளையில் காகிதத்தைச் சுற்றி வேகமாகச் சுழலவிட்டு, கண்ணுக்குத் தெரியாத துளிகளாக மையைத் தெளிக்கும். தடித்த வாட்டர்கலர் காகிதத்தையும் அது ஏற்றுக்கொண்டது. புள்ளி தெரியாத, வெல்வெட் போன்ற அச்சு வந்தது. ஜிக்லே என்ற பெயர் அங்கிருந்து பிறந்து உலகெங்கும் விலைப்பட்டியலில் ஏறியது. அந்த முதல் ஐரிஸ் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் வசம் இருக்கிறது.

ஒரு சிக்கல்தான். ப்ரூஃப் என்பது சில வாரம் இருந்தால் போதும். அதனால் அந்த மைகளில் ஆயுளைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்கவில்லை. அவை தண்ணீரில் கரையும் சாய மைகள். வெளிச்சமான சுவரில் சில ஆண்டுகளிலேயே வெளுத்தன. ஈரக்கை பட்டால் கறை படிந்தது. அன்று நல்ல விலைக்கு வாங்கிய கையெழுத்திட்ட ஜிக்லேக்கள் இன்று மறுவிற்பனைக்கு வரும்போது, அனுபவமுள்ள வியாபாரி முதலில் பார்ப்பது ஆண்டைத்தான். 2000-க்கு முந்தைய மைத்தெளிப்பு அச்சு என்றால், அது இருட்டில் இருந்ததா வெளிச்சத்தில் இருந்ததா என்று தெரியாமல் கை வைக்க மாட்டார்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிரின்னல் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, வண்ண அச்சுகளின் ஆயுளை அளப்பதையே வாழ்க்கை வேலையாக்கிக்கொண்டவர் ஹென்றி வில்ஹெல்ம். அவர் 1993-ல் வெளியிட்ட பெரிய நூல் வண்ணப்படங்களின் நிலைப்பு பற்றியது. அதன் பிறகு மை தயாரிப்பாளர்கள் ஆயுளை எண்ணாகச் சொல்லியாக வேண்டிய நிலை வந்தது. 2000-ல் இன்னொரு பாடம் கிடைத்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் புதிய சாய மை அச்சுகள் சில வீடுகளில் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பின. வெளிச்சத்தைத் தாங்கும் மைதான். ஆனால் காற்றிலிருக்கும் ஓசோன், நுண்துளைப் பூச்சுள்ள காகிதத்துக்குள் புகுந்து நீலச் சாயத்தை அரித்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் வெளிச்சத்தை அளந்தவர்கள் காற்றை அளக்கவில்லை.

அதே காலத்தில் நிறமி மைகள் வந்தன. சாயம் போலக் கரையாமல், நுண்ணிய நிறத்துகளாகவே மையில் மிதந்து காகிதத்தில் அமர்பவை. தொடக்கத்தில் அவற்றின் நிறங்கள் மங்கல். டியூப் லைட்டில் ஒரு நிறமும் வெயிலில் ஒரு நிறமுமாகத் தெரியும் கோளாறும் இருந்தது. சாம்பல் பரப்பு ஒன்று பகலில் பச்சையாகவும் இரவில் சிவப்பாகவும் தெரிந்ததை அந்தக் கால அச்சாளர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 2005-ஐ ஒட்டி, கறுப்பையே மூன்று அடர்த்திகளில் பிரித்துத் தந்த மைத் தொகுதிகள் வந்தபின் அந்தக் கோளாறு பெரும்பாலும் அடங்கியது. இன்று எட்டு முதல் பன்னிரண்டு நிறமி மைகளுள்ள இயந்திரம் நடுத்தர ஊர்களிலும் கிடைக்கிறது. ஆகவே இப்போது தவறு இயந்திரத்தில் நேர்வது அரிது. காகிதத்தில் நேரும்; மூலக்கோப்பில் நேரும்; கடைசியில் ஃப்ரேம் கடையில் நேரும்.

காகிதத்தில் பார்க்க வேண்டியது இழை. மரக்கூழில் லிக்னின் இருந்தால் காகிதம் செய்தித்தாள் போல மஞ்சளாகும். அமிலம் இருந்தால் நொறுங்கும். கலை அச்சுக்கு நிலையான தேர்வு முழுப் பருத்திக் காகிதம். லிக்னின் நீக்கிய ஆல்ஃபா செல்லுலோஸ் காகிதம் அதற்கு அடுத்தபடி. இரண்டிலும் காற்றிலிருந்து சேரும் அமிலத்தை உறிஞ்சக் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள். ஜெர்மனியில் 1584 முதல் இயங்கும் ஹானமியூலே ஆலையின் ஃபோட்டோ ராக் 308 கிராம் காகிதம், இந்தத் தொழிலில் ஏறக்குறைய அளவுகோலாகிவிட்டது. பிரான்ஸின் கான்சனும் அதற்குச் சளைத்ததல்ல. விலைப்பட்டியலில் காகிதத்தின் பெயரும் எடையும் இல்லாமல் ‘ஆர்க்கைவல் பேப்பர்’ என்று மட்டும் இருந்தால், அந்த வார்த்தையை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

காகிதத்தை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிரூட்டிகள் இன்னொரு விஷயம். புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக உமிழ்ந்து, காகிதம் பளீரென்று இருப்பதாக நம்பவைப்பவை. சோப்புத்தூளிலும் இருப்பது இதுதான். சில ஆண்டுகளில் இவற்றின் வேலை தீர்ந்துபோய், வெள்ளை மெல்ல மஞ்சளாகும். கள்ளநோட்டுப் பார்க்கும் சிறு புற ஊதா டார்ச்சை இருட்டறையில் காகிதத்தின் மீது அடித்தால் தெரிந்துவிடும்: ஒளிரூட்டி மிகுந்த காகிதம் நீலமாக எரியும், இல்லாதது மங்கிய ஊதாவாகக் கிடக்கும். இந்தச் சோதனை அரூப ஓவியத்துக்கு இரட்டிப்பு முக்கியம். சாதாரண மைத்தெளிப்பு அச்சில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை என்பது காகிதமே. மோந்திரியனின் வெள்ளைக் கட்டங்கள், மாலேவிச்சின் வெள்ளைமேல் வெள்ளை எல்லாம் நகலில் காகிதத்தின் நிறமாகத்தான் நிற்கின்றன. காகிதம் மாறினால் ஓவியமும் மாறும்.

மூலக்கோப்புதான் பெரும் சண்டைக்குரிய இடம். நகல் எதன் நகல்? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக மார்க் ரோத்கோ 1962-ல் வரைந்த சுவரோவியத் தொகுதியின் கதை இதற்கு உதவும். 1964-ல் அவை ஹோலியோக் சென்டர் கட்டடத்தின் உச்சித்தளத்தில், பெரிய ஜன்னல்களுள்ள உணவறையில் மாட்டப்பட்டன. அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு வெயிலைத் தாங்காத நிறமி. கருஞ்சிவப்புப் பரப்புகள் வெளிறி நீலச்சாயலுக்குப் போயின. 1979-க்குள் ஓவியங்களைக் கழற்றிச் சேமிப்பறைக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய நிறம் எது என்று அறிய 1964-ல் எடுத்த எக்டாகுரோம் வண்ணப்படங்கள் இருந்தன. அந்தப் படங்களும் நிறம் மாறியிருந்தன! அவற்றைக் கணினியில் சரிசெய்து, வெயில் படாத ஓவியப்பகுதிகளோடு ஒப்பிட்டு, இழந்த நிறத்தைக் கணக்கிட்டார்கள். 2014-ல் ஓவியத்தின் மீது தூரிகை வைக்காமல், குறைந்த நிறத்தை மட்டும் ஒளியாகப் பாய்ச்சிக் காட்சிக்கு வைத்தார்கள். ஒளியை அணைத்தால் வெளிறிய ஓவியம். இந்தத் தொகுதிக்கு ஒரு நகல் போட வேண்டுமென்றால் எந்த நிறத்தில் போடுவது என்பதற்கு, ஆண்டைக் குறிப்பிடாமல் பதில் சொல்ல முடியாது. நல்ல அச்சுக்கூடம் கோப்பு எப்போது, எங்கே, யாரால் எடுக்கப்பட்டது என்று எழுதித் தரும்.

கோப்பு எடுக்கும் முறையும் மாறியிருக்கிறது. தொண்ணூறுகளில் ஐந்துக்கு நான்கு அங்குல டிரான்ஸ்பரன்சி எடுத்து, டிரம் ஸ்கேனரில் ஏற்றுவார்கள். ஃபிலிமுக்கே ஒரு நிறச்சாய்வு உண்டு. அதை யார் கண்ணால் சரிசெய்தாரோ அவர் ரசனையும் நகலில் சேர்ந்துவிடும். இன்று ஓவியத்தின் பக்கத்தில் 24 கட்டங்களுள்ள நிற அட்டையை வைத்துப் படமெடுத்து, கேமராவின் பிசகை எண்ணால் திருத்துகிறார்கள். பளபளப்பைத் தடுக்க விளக்கிலும் லென்ஸிலும் போலரைஸர் மாட்டுகிறார்கள். இதிலும் ஒரு இழப்பு உண்டு. பளபளப்பை முழுக்க அகற்றினால் வண்ணத்தின் தடிமனும் போய்விடும். ஓவியர் கைடொண்டேயின் படைப்பில் ரோலரும் கத்தியும் இழுத்த மெல்லிய படலங்கள் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும். அதைத் தட்டையாகப் படமெடுத்தால் பாசி படிந்த சுவர்தான் கிடைக்கும். தெரிந்தவர்கள் இரண்டு விதமாகவும் எடுத்துப் பொருத்துவார்கள்.

எந்தக் கோப்பாலும் எட்ட முடியாத நிறங்களும் இருக்கின்றன. ஈவ் க்ளெய்ன் 1960-ல் தன் பெயரில் பதிவு செய்துகொண்ட நீலம், நிறப்பொடியின் பொடித்தன்மை கெடாதபடி ஒரு பிசினில் பிடித்துவைத்தது. அந்த ஆழம் மைத்தெளிப்பின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆட் ரைன்ஹார்ட்டின் கறுப்பு ஓவியங்களில் ஒன்பது கட்டங்கள் கறுப்புக்குள் கறுப்பாக ஒளிந்திருக்கும். மேட் காகிதத்தில் கறுப்பு அவ்வளவு ஆழம் இறங்காது, கட்டங்கள் ஒன்றாகிவிடும். இவற்றுக்கு நகல் வாங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். தட்டையான, விளிம்பு தெளிந்த நிறப்பரப்புகளுக்கு மைத்தெளிப்பை விட செரிகிராஃப் எனப்படும் ஸ்கிரீன் பிரிண்ட் மேல். அங்கே ஒவ்வொரு நிறமும் தனியாகக் கலந்து, தனித்திரையில் அழுத்தப்படுகிறது. பத்து மடங்கு காட்டும் லென்ஸை வைத்தால் வித்தியாசம் தெரியும்: ஆஃப்செட்டில் ஒழுங்கான பூப்போன்ற புள்ளிக்கோலம், ஜிக்லேயில் ஒழுங்கில்லாத நுண்தூறல், செரிகிராஃபில் புள்ளியே இல்லாத முழுநிறம், விளிம்பில் மையின் மெல்லிய மேடு. செரிகிராஃப் விலை சொல்லி ஜிக்லே விற்கும் கடைகளுக்கு இந்த லென்ஸ் பிடிக்காது.

இணையக் கடைகள் பெருகியபின் வந்த நோய் வேறு. ஏதோ தளத்தில் கிடைத்த சிறுபடத்தை எடுத்து, மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கி, நல்ல காகிதத்தில் நல்ல மையால் அச்சிடுவது. 24-க்கு 36 அங்குல அச்சை அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் போட 7,200-க்கு 10,800 புள்ளி வேண்டும். 200 புள்ளியே போதும் என்றாலும் 4,800-க்கு 7,200. இதைக் கேட்டவுடன் விற்பவர் பேச்சை மாற்றினால் கோப்பு இல்லை என்று பொருள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-ல் 3,75,000 படங்களை இலவசமாகத் திறந்துவிட்டது போன்ற கொடைகள் உண்டு. ஆனால் அரூப ஓவியம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. பதிப்புரிமை முடியாதது அதிகம் என்பதால் அந்தக் கொடையில் அதன் பங்கு சிறியது.

திசையும் ஓரமும் தனிப் பிரச்சினை. மத்தீஸின் படகுச் சித்திரம் ஒன்று 1961-ல் நியூயார்க் நவீனக்கலை அருங்காட்சியகத்தில் 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. மோந்திரியன் 1941-ல் ஒட்டுநாடாக்களால் செய்த ‘நியூயார்க் சிட்டி 1’ பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகத்தான் மாட்டப்பட்டிருக்கிறது என்று ஜெர்மனியில் அதன் காப்பாளர் 2022-ல் சொன்னார். நாடாக்கள் பழசாகிவிட்டதால் திருப்பி மாட்டவும் துணியவில்லை. அருங்காட்சியகத்துக்கே இந்தக் கதி என்றால், கடை அளவு ஃப்ரேமுக்குப் பொருந்த ஓரத்தை வெட்டும் அச்சகத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூல ஓவியத்தின் நீள அகலத்தைக் கேட்டு வாங்கி, விகிதத்தை வகுத்துப் பார்த்துவிட வேண்டும். ஹில்மா ஆஃப் க்ளிண்ட் 1907-ல் வரைந்த ‘பத்துப் பெரியவை’ ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். அதை ஏ3 தாளில் வாங்குபவர் நல்ல அலங்காரப் படம் வாங்குகிறார். அந்த ஓவியத்தின் அனுபவத்தை வாங்கவில்லை. பால் க்ளீயின் சிறு வாட்டர்கலர்களோ நகலில் கிட்டத்தட்ட அசல் அளவிலேயே கிடைக்கும். முதல் நகல் வாங்குபவருக்கு க்ளீயைச் சிபாரிசு செய்யலாம்.

உரிமை விஷயத்தில் இந்தியச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஓவியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். ஓவியத்தை வாங்கியவருக்கு அதை நகலெடுக்கும் உரிமை தானாக வந்துவிடாது. 1944-ல் இறந்த மோந்திரியனையும் காண்டின்ஸ்கியையும் இங்கே யாரும் அச்சிடலாம். 1977-ல் இறந்த கே.சி.எஸ். பணிக்கர் 2037 முடியும்வரை, 2008-ல் இறந்த ஆதிமூலம் 2068 வரை, 2016-ல் இறந்த ராஸா 2076 வரை உரிமைக்குள் இருக்கிறார்கள். உரிமையாளரின் அனுமதியைக் காட்டாத ராஸா நகல், எவ்வளவு நல்ல காகிதத்தில் இருந்தாலும் திருட்டு அச்சுதான்.

25/100 என்று பென்சிலில் எழுதிய எண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எண் தரத்தைக் காட்டாது. எத்தனை படி என்ற வாக்குறுதியைத்தான் காட்டும். வேறு அளவில் இன்னொரு நூறு போடமாட்டோம் என்று எழுத்தில் இல்லாவிட்டால் அந்த வாக்குறுதியும் இல்லை. கையெழுத்தும் அப்படியே. 1974-ல் ஆந்தோரா எல்லையில் பிடிபட்ட வண்டியில் ஓவியர் சால்வடார் டாலி கையெழுத்திட்ட வெற்றுத்தாள்கள் சுமார் 40,000 இருந்தன.

இத்தனையும் சரியாக அமைந்த அச்சைக் கெடுக்கக் கடைசி வாய்ப்பு ஃப்ரேம் கடைக்கு. வழக்கமான முறை இது: அச்சை ஹார்ட்போர்டில் பசை தடவி ஒட்டி, மேலே கண்ணாடியை நேராக அழுத்தி, பின்னால் பிரவுன் டேப். ஐந்தாறு மழைக்காலம் கழித்துப் பிரித்தால், மவுண்ட் அட்டையின் ஜன்னல் விளிம்பை ஒட்டி அச்சில் தேநீர் நிறத்தில் ஒரு கோடு நான்கு பக்கமும் ஓடியிருக்கும். அட்டையின் அமிலம் இறங்கிய தடம் அது. கண்ணாடி தொட்ட இடங்களில் மை ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது தோல் போல உரியும். செலோடேப் ஒட்டிய மூலையில் பசை காகிதத்தை ஊடுருவி எண்ணெய்க்கறையாக நிற்கும். இவை எதையும் பின்னால் சரிசெய்ய முடியாது. அமிலமற்ற பருத்தி மவுண்ட், ஜப்பானியக் காகிதக் கீலும் கோதுமை ஸ்டார்ச் பசையும், கண்ணாடிக்கும் அச்சுக்கும் நடுவே இடைவெளி, புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி ஆகியவற்றைக் கடைக்காரரிடம் எழுதிக்கொடுப்பது நல்லது. சொன்னால் மறந்துவிடுவார். பளபளப்பான காகிதத்தில் போட்ட புதிய அச்சை, இடையில் சாதாரணத் தாள் வைத்து ஒருநாள் முழுக்க ஆறவிட்ட பிறகே மூட வேண்டும். இல்லாவிட்டால் மையின் ஈரம் வெளியேறிக் கண்ணாடியின் உட்புறத்தில் பனிபோல் படியும்.

மை நிறுவனங்கள் சொல்லும் நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு என்ற எண்கள் எல்லாம் கணக்கீடுகள். வில்ஹெல்மின் அளவீட்டில் கண்ணாடிக்குள் இருக்கும் அச்சுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம், 24 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்கிறார்கள். சென்னையிலும் தூத்துக்குடியிலும் அப்படியொரு கூடம் ஏ.சி. ஓயாத வீட்டில்தான் உண்டு. வெயில் நேராக விழாத உட்சுவர் வேண்டும். மழைநீர் ஊறும் வெளிச்சுவர் ஆகாது. ஃப்ரேமின் பின்னால் சிறு கட்டைகள் வைத்துக் காற்றோட விட்டால் பூஞ்சையும் கரையானும் எளிதில் அண்டாது.

வாங்கும் நாளில் விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: காகிதத்தின் பெயரும் எடையும், மையின் வகை, அச்சிட்ட ஆண்டு, கோப்பு எங்கிருந்து வந்தது, மூல ஓவியத்தின் அளவு, உரிமை யாருடையது. இந்த ஆறுக்கும் விடை எழுதித் தருபவரிடம் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம். தராதவரிடம் போஸ்டர் விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.